மூத்தவள் வாக்கு

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என்னைக் கண்டதும் என் தங்கை ரோசலி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வார்டில் கட்டில் காலியாகும்வரை தாழ்வாரத்திலேயே பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். வலது கை அசைவில்லாமல் கிடந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. இரண்டு வருஷம் கழித்து அவளை அன்றுதான் பார்க்கிறேன்.

முந்தின நாள் மத்தியானம் அவள் கணவர் சவரிமுத்து கடலூருக்கு வந்து, நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பு வாசலில் நின்றார். சட்டையெல்லாம் அச்சு மை. சிதம்பரத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்ப்பவர் அவர். வேலையிலிருந்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறார்.

"அக்கா, ரோசலிக்குக் கை வரல. பேச்சும் கொழறுது. நீங்க வரணும்" என்றார். பிறகு, "வரமாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

வரமாட்டேன் என்று சொல்லக்கூடியவள் என்றுதான் என்னை அவர் நினைத்திருந்தார். அப்படி நினைக்க அவருக்குக் காரணம் இருந்தது.

வீட்டில் ஒருவருக்கு நோய் வந்ததும் 'இது யார் செய்த பாவம், யார் விட்ட சாபம்' என்று தேட ஆரம்பிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் தேடியவள்தான். தேடிய இடத்தில் என்னையே கண்டேன். அதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் அம்மா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். அப்பா முன்பே போய்விட்டார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செம்மண்டலத்தில் இரண்டு அறை வீடு. காலையில் அம்மாவைத் துடைத்துத் துணி மாற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். மதியம் ஓடி வந்து கஞ்சி கொடுப்பேன். ரோசலி மாதம் ஒருமுறை சிதம்பரத்திலிருந்து வருவாள். இரண்டு நாள் இருப்பாள், போய்விடுவாள். கட்டிக்கொடுத்த பெண் வேறென்ன செய்ய முடியும் என்று இப்போது தெரிகிறது. அப்போது, அவள் பஸ் ஏறும் ஒவ்வொரு தடவையும் என் மனதில் ஒரு கசப்பு ஊறும்.

கடைசி இரண்டு நாள் அம்மா ரோசலியைத்தான் கேட்டார். தந்தி கொடுத்தேன். விடியற்காலை மூச்சு அடைத்து அம்மா போனபோதும் வாயில் அவள் பெயர்தான் இருந்தது. எட்டு மாதம் துடைத்த என் பெயர் இல்லை.

ரோசலி வரவில்லை. காலை போயிற்று, மதியம் போயிற்று. பங்குச் சாமியார் வந்துவிட்டார். பூசை முடிந்தது. கல்லறையில் பெட்டியை இறக்கி எல்லாரும் மண் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் வந்தாள். மஞ்சக்குப்பம் கல்லறைத் தோட்டத்து வாசலிலிருந்து எங்கள்வரை அவள் நடந்து வந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவசரமே இல்லை. நாலு எட்டு வைப்பாள், நிற்பாள். அழக்கூட இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவள் மாதிரி இருந்தது.

பக்கத்தில் வந்ததும் அவள் வாயைத் திறந்தாள். நான் விடவில்லை.

"பெத்தவ வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த வரல நீ. அம்மா மூச்சு அடைச்சு உன் பேரச் சொல்லித்தான் போனா. உனக்கும் அப்படித்தான்டி நெஞ்சு அடைக்கும். அடைச்சுக் கெடக்கும்போது யாரும் வரமாட்டாங்க. கல்லறை மண்ணுல நின்னு சொல்றேன்."

யாரோ என் வாயைப் பொத்தினார்கள். ரோசலி மூடாத குழியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அன்று மாலையே சிதம்பரம் திரும்பிவிட்டாள் என்று பிறகு சொன்னார்கள்.

அதன்பின் அவள் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

ஒரு வருஷம் கழித்து, சிதம்பரத்தில் சொந்தக்காரர்கள் இருந்த ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் என்னிடம் சொன்னாள். "உன் தங்கச்சி ரொம்ப எளச்சிட்டாளாம் டீச்சர். அஞ்சு மாசத்துல புள்ளையும் தங்காம போச்சாம்." வருத்தமாக இருந்தது என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். உள்ளே வேறு ஒன்று நடந்தது. ஆண்டவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைத்தேன். என் எட்டு மாதத்துக்கு அவர் நியாயம் செய்கிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பைச் சுமந்துகொண்டே வாராவாரம் பூசையில் நன்மை (சாமியார் நாக்கில் வைக்கும் திவ்விய அப்பம்) வாங்கினேன். சாபம் போட்டது ஆத்திரத்தில். ஆனால் இது ஆத்திரம் இல்லை. நிதானமாக, தெளிந்த மனதோடு செய்தது. இரண்டில் எது பெரிய பாவம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தது ஒரு டாக்டரம்மா. முதல் நாளே ஸ்டெதாஸ்கோப்பை ரோசலியின் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். இடது பக்கமாகப் படுக்க வைத்துத் திரும்பவும் கேட்டார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கைக்காகத்தானே வந்தோம், ஏன் நெஞ்சைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

நான்காம் நாள் ரோசலிக்குப் பேச்சு ஓரளவு தெளிந்தது. டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டார்.

"மூச்சு வாங்கறது எப்பலேருந்துமா?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷம்னு சும்மா சொல்லக் கூடாது. மொத மொத எப்ப? ஏதாவது ஒரு நாள ஞாபகம் வச்சு சொல்லு."

ரோசலி என்னைப் பார்த்தாள். அந்தத் தாழ்வாரத்தில் என்னைக் கண்டு முகம் திருப்பியவள், முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"எங்கம்மா செத்த அன்னிக்கு" என்றாள்.

அடுத்து அவள் சொல்லப்போவது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"காலையில" என்றாள். "தந்தி வந்ததும் ரயிலுக்கு ஓடுனேன். திருப்பாப்புலியூர்ல எறங்கி நடந்தேன். கெடிலம் பாலத்து மேல மூச்சு நின்னுபோச்சு. கம்பியப் புடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்துட்டேன். நெஞ்சு அப்படி அடிச்சுது. இருமுனா நொரையா வந்துச்சு. எவ்ளோ நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல. எந்திரிப்பேன், பத்து எட்டு நடப்பேன், திரும்ப உக்காருவேன். வீட்டுக்கு வந்தா பூட்டிக் கெடந்துச்சு. கல்லறைக்குப் போயிட்டாங்கன்னாங்க."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அவருக்கு அது ஒரு தேதி. எனக்கு, நாலு எட்டு வைத்து நின்ற அந்த நடை கண்முன் வந்தது. அவள் அழாதது மூச்சு இல்லாமல்தான்.

"அதச் சொல்லியிருக்கலாமேடி" என்றேன்.

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீ பேசிட்ட."

டாக்டரம்மா நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். "சின்ன வயசுல முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்துதா?" என்று என்னிடம் கேட்டார்.

வந்தது. ரோசலிக்கு அப்போது ஒன்பது வயது. முதலில் தொண்டை வலி என்றாள். பிறகு ஒரு முட்டி வீங்கி, அது வடிந்து, அடுத்த முட்டி வீங்கியது. அம்மா எண்ணெய் காய்ச்சித் தடவினார். ஒரு மாதம் அவளை நான்தான் முதுகில் தூக்கிக்கொண்டு திரிந்தேன். சரியாகிவிட்டது, மறந்துவிட்டோம்.

"அது சரியாவல" என்றார் டாக்டரம்மா. "மூட்டுல வந்து போயிடும். நெஞ்சுல தங்கிடும்."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். அவளுக்கு வந்தது வாதக் காய்ச்சல் (தொண்டைப் புண்ணுக்குப் பிறகு மூட்டுகளில் வந்து, இதயத்தையும் புண்ணாக்கும் காய்ச்சல்). அதில் அவளுடைய மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள கதவு) தழும்பேறி, வருஷங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியிருக்கிறது. இரத்தம் கதவைத் தாண்ட முடியாமல் நுரையீரலில் தேங்கும், மூச்சு வாங்கும். பிள்ளை வயிற்றில் இருந்தால் இன்னும் திணறும். தேங்கிய இரத்தம் மேலறையில் கட்டியாகும். அந்தக் கட்டியில் ஒரு துணுக்கு மூளைக்குப் போய்விட்டால் பக்கவாதம். கை போனது அப்படித்தான்.

"முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"கை இப்படி ஆவாம இருந்திருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா ரெண்டு வருஷம் ஜாஸ்திதாங்க."

அந்த இரண்டு வருஷமும் ரோசலி எங்கெங்கே போனாள் என்பதைச் சவரிமுத்து ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் சொன்னார். செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் கோயில். மந்திரித்த எண்ணெய். உப்பில்லாத ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் சாப்பிடும் விரதம்). கடைசியில் அடுத்த வீட்டு அம்மா கூட்டிப்போய், பிச்சாவரம் பக்கத்தில் மந்திரிக்கிற ஒருவரிடம் கயிறு கட்டிக்கொண்டாள். வேதக்கார (கிறிஸ்தவ)ப் பெண் கயிறு கட்டினால் சாமியார் நன்மை கொடுக்கமாட்டார் என்று அதைப் பாவாடைக்குள் மறைத்து வைத்திருந்தாளாம்.

"ஆஸ்பத்திரிக்குப் போவலாம்னு நூறு வாட்டி கூப்டேங்க்கா. டாக்டர்கிட்ட போயி என்னான்னு சொல்றது, எங்கக்கா சொன்ன மாதிரியே நெஞ்சு அடைக்குதுன்னா, அப்படிம்பா. மூத்தவ வாக்கு, அதுவும் கல்லறையில சொன்னதுன்னுவா." அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். "உங்ககிட்ட வந்து, சொன்ன வார்த்தைய எடுத்துக்கங்கன்னு கேக்கலாம்னு ரெண்டு தடவ பஸ் ஏறுனேன். ரெண்டு தடவையும் பாதி வழியில, ஆலப்பாக்கத்துலயே எறங்கித் திரும்பிட்டேன். நீங்க முடியாதுன்னு சொல்லிட்டா என்னா பண்றதுன்னு பயம்."

"காலையிலயே மூச்சு வாங்குச்சுன்னு அவளுக்கே தெரியுமே தம்பி. நான் பேசுனது சாயந்திரந்தானே" என்றேன்.

அந்தக் கேள்வியைப் பிறகு ரோசலியிடமே கேட்டேன். "காலையில வந்தது ஓட்டத்துல வந்ததுன்னு நெனச்சேன்" என்றாள். "நீ சொன்னப்புறம்தானேக்கா அது போவவே இல்ல."

அந்த வாரக் கடைசியில் கடலூருக்கு வந்து பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) செய்தேன். கோயிலில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். எங்கள் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் இடி மாதிரிப் பேசுவார்; பாவசங்கீர்த்தனத் தொட்டியில் (அதைக் கேட்க அவர் உட்காரும் மரக்கூண்டு) மெதுவாகப் பேசுவார். எல்லாவற்றையும் சொன்னேன். என் சாபம் பலித்துவிட்டது என்றேன்.

"உன் தங்கச்சி நெஞ்சுல கதவச் சாத்தறதுக்கு ஆண்டவரு உன் வாயப் பாத்துக்கிட்டு இருந்தாரா?" என்றார். "அவ்ளோ பெரிய ஆளா நீ?"

அதில் ஆறுதல் இருந்தது. ஆனால் நான் விடவில்லை. போன தபசுகாலத்தில் (ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள்) வீட்டுக்கு வரும் துன்பமெல்லாம் பாவத்தின் கூலி என்று அவரே பிரசங்கம் செய்திருந்தார். அதை நினைவுபடுத்தினேன்.

"சொன்னேன்" என்றார். "அப்படி ஒரேயடியா சொல்லியிருக்கக் கூடாது." பிறகு, "சாபம் நோயக் குடுக்காதும்மா. பயத்தக் குடுக்கும். அத நீ குடுத்திருக்க. எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாப் பத்தாது, அவகிட்ட போய்க் கேளு" என்றார். அபராதமாக மூன்று அருள்நிறை மந்திரம் (மாதாவை நோக்கிச் சொல்லும் சின்னச் செபம்) சொல்லச் சொன்னார். மூன்றுதானா என்று இருந்தது. முந்நூறு சொல்லச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவனைக் காட்டி, இது இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீடர்கள் சேசுநாதரிடம் கேட்டதைப் பத்து வருஷமாகக் குழந்தைகளுக்கு ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான். இரண்டும் இல்லை என்று அவர் சொன்ன பதிலையும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அப்படியிருந்தும் என் மனம் ஒரு வருஷம் 'ஆமாம், அவள் பாவம்தான்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. பாவம் செய்த பெண்ணை அடிக்கக் கூட்டத்தில் கல்லோடு நின்றவர்களைப் பற்றியும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் கையில் கல் இருந்தது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ரோசலியிடம் போய்க் கேட்டேன். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, "அன்னிக்குச் சொன்னதுக்கு என்ன மன்னிச்சிடுடி" என்றேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை. ஆத்திரத்தில் சொன்னேன், அம்மா போன துக்கத்தில் சொன்னேன் என்றெல்லாம் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

அவள் விட்டத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லிடலாம்க்கா. எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா மூச்சு அடைக்கும்போதெல்லாம் உன் கொரலுதான் காதுல கேக்குது. அத எப்படி நிறுத்தறது, நீயே சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டதும் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. போகாமல் கூட இருப்பது. பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லா லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சிதம்பரத்திலேயே இருந்தேன். இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை அவளே ஒருநாள் இடது கையால் காட்டி, "இத அறுத்துடு, அரிக்குது" என்றாள். கத்தரிக்கோலை வாங்கி அறுத்தேன்.

டிஜாக்சின் (இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் மாத்திரை) ஆரம்பித்தார்கள். நீர் பிரிய ஊசி போட்டார்கள். கால் வீக்கம் வடிந்தது. சில மாதம் கழித்து, டாக்டரம்மா கொடுத்த கடிதத்தோடு சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே இடது மார்புக்குக் கீழே திறந்து, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள் டாக்டர் தன் விரலை விட்டு அந்தக் கதவை விரித்துவிடுவார் என்று சொன்னார்கள். கேட்டதும் சவரிமுத்து வெளியே போய்விட்டார்.

ஆபரேஷனுக்கு அழைத்துப்போகும்முன் ரோசலி என் கையைப் பிடித்தாள். இடது கையால்தான். "நல்லபடியா வரணும்னு சொல்லு" என்றாள்.

"செபம் சொல்றேன்டி."

"செபம் சாமியார் சொல்வாரு. நீ சொல்லு. உன் வாயால சொல்லு."

"நல்லபடியா வருவ" என்றேன். என் வார்த்தைக்கு ஒரு சக்தியும் கிடையாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் டாக்டரம்மா எல்லாம் விளக்கியிருந்தார். இருந்தாலும் கேட்டாள். தள்ளுவண்டி போனபிறகு, அவள் திரும்பி வரும்வரை நான் வாயைத் திறக்கவே பயந்து உட்கார்ந்திருந்தேன்.

வந்தாள். பத்தாம் நாள் தாழ்வாரத்தில் நடந்தாள். ஒரு மாதம் கழித்துச் சிதம்பரத்தில் தெற்கு வீதிக்குப் பின்னால் இருக்கும் அவள் வீட்டு மாடிப்படி பதினாலையும் நிற்காமல் ஏறிவிட்டு, மேலிருந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "நெஞ்சுல சத்தமே இல்லக்கா. வாடகைக்கு இருந்தவங்க காலி பண்ணிட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

கை திரும்பவில்லை. விரல்கள் மடங்கும், நீளாது. ரவிக்கை தைத்துக் கொடுப்பாள் முன்பு. அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளிடம்தான் கொடுப்பார்கள். இப்போது தையல் மிஷின் சும்மா கிடக்கிறது, அதன்மேல் பழந்துணி மூட்டை இருக்கிறது. சிலுவை அடையாளம் போடும்போது இடது கையால் வலது கையைத் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோகிறாள். பிள்ளை வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இதற்கெல்லாம் நோய் எவ்வளவு காரணம், நான் எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. டாக்டரம்மாவிடம் இன்னொரு தடவை கேட்டேன். "அந்தக் கணக்கப் போடாதீங்க" என்றார். போடாமல் இருக்க முடியவில்லை.

என் வகுப்பில் ஒரு பிள்ளை தொண்டை வலி என்றால் இப்போது சும்மா விடுவதில்லை. வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, வீட்டுக்குச் சீட்டு எழுதி அனுப்புகிறேன். ஒரு தாய் வந்து, "யாரு கண்ணு பட்டுச்சோ டீச்சர்" என்றார். "கண்ணு இல்லம்மா, கிருமி" என்றேன். நம்பினாரா தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போனார்.

காய்ச்சல் திரும்ப வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. எத்தனை வருஷம் என்று கேட்டதற்கு, "போட்டுக்கிட்டே இருக்கணும்" என்றார்கள். விரித்த கதவு பத்து, பதினைந்து வருஷத்தில் மறுபடியும் சுருங்கலாம் என்றும் சொன்னார்கள். ஒவ்வொரு மூன்றாவது சனிக்கிழமையும் நான் சிதம்பரத்தில் இருப்பேன். சவரிமுத்து அழைத்துப்போகமாட்டார் என்பதில்லை. நான் போக வேண்டும். எனக்கு இப்போது மாதம் என்பது இல்லை, பண்டிகை இல்லை. இருபத்தோரு நாள், பிறகு இன்னொரு இருபத்தோரு நாள். அவள் பேசும்போது வார்த்தையைக் கேட்கிறேனோ இல்லையோ, வார்த்தைக்கு நடுவில் மூச்சு எங்கே விழுகிறது என்று என் காது பார்த்துக்கொள்கிறது.

போன தடவை ஊசி போட்டு வந்து, வலிக்கிறது என்று ஒருக்களித்துப் படுத்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். மத்தியான வெயில் சன்னலுக்கு வெளியே இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொன்னேன். முடிவில் எனக்கென்று ஒன்று கேட்பது வழக்கம். அவளுக்கு முப்பது வயது, எனக்கு முப்பத்தேழு. முறைப்படி நான்தான் முதலில் போக வேண்டும். ஆனால் நான் போய்விட்டால் மூன்றாவது சனிக்கிழமையை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? அதனால் அவளுக்குப் பிறகு ஒரே ஒரு நாள் எனக்குக் கொடு என்று ஆண்டவரிடம் கேட்கிறேன். மூத்தவளாகப் பிறந்தவள் கேட்கக்கூடாத வரம் அது. அதனால் வாய்விட்டுக் கேட்பதில்லை.